பளிங்குத் தரையும் வால்வு ப்ரீஆம்பும்: செட்டிநாட்டு வீட்டு ஹைஃபைக்கு எதில் காசு போடலாம்?

பள்ளத்தூர் அயித்தான் போன மாதம் போன் செய்தார். "தம்பி, அறுபதாயிரம் ஒதுக்கி வச்சிருக்கேன். ஒரு வால்வு ப்ரீஆம்ப் பார்த்தேன், உள்ளே தணல் மாதிரி எரியுது. வாங்கிப்புடலாமா?"

பின்னாலிருந்து ஆச்சியின் குரல் கேட்டது. "அந்தக் காசுக்கு மாடி ஒழுகுறதை அடைக்கச் சொல்லு."

இதே கேள்வியைத் தேவகோட்டையிலிருந்து ஒருவர், கானாடுகாத்தானிலிருந்து ஒருவர் என்று இந்த வருடத்திலேயே நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஆள் செட்டு வேறு. ஆனால் வீடு ஏறக்குறைய ஒரே மாதிரி: வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல்லோ பளிங்கோ பதித்த தரை, அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் கூரை. அதனால் பதிலை ஒரு தடவை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். என்னிடம் எட்டு வருடமாக ஒரு வால்வு ப்ரீஆம்ப் இருக்கிறது (பழைய ரேடியோவுக்குள் எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழல்தான் வால்வு). யார் கேட்டாலும் விற்க மாட்டேன். இருந்தும் அயித்தானிடம் "வாங்குங்க" என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் செட்டு இது: எண்பதுகளின் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து வந்த இன்டக்ரேட்டட் ஆம்ப் (எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கியது), நடுத்தர அளவில் ஒரு ஜோடி ஸ்பீக்கர், ஒரு டர்ன்டேபிள், போன வருடம் மகன் வாங்கிக் கொடுத்த டேக் (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் பெட்டி). ஐயா சேர்த்து வைத்த எல்பி இருநூறு, அதற்கு மேல் ஒரு தகரப் பெட்டி நிறைய 78 சுற்றுத் தட்டுகள்.

## முதலில் இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்

செட்டில் இடம் இருக்கிறதா? ப்ரீஆம்ப் என்பது வரும் சிக்னலைத் தேர்ந்தெடுத்து, சத்தத்தைக் கூட்டிக் குறைத்து, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்கு அனுப்பும் பெட்டி. இன்டக்ரேட்டட் ஆம்புக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது. அதை விலக்கிவிட்டு வெளியிலிருந்து இன்னொன்றை மாட்ட வேண்டுமானால், பின்பக்கம் 'ப்ரீ அவுட்', 'மெயின் இன்' என்று இரண்டு ஜோடித் துளைகள் இருக்க வேண்டும். எழுபது எண்பதுகளின் ஆம்புகள் பலவற்றில் அவற்றை ஒரு சின்ன உலோக வளைவு இணைத்திருக்கும். அதைக் கழற்றினால் வழி கிடைக்கும். இல்லையென்றால் வால்வு ப்ரீஆம்பை 'ஆக்ஸ்' துளையில்தான் செருக முடியும். அப்படிச் செருகினால் சிக்னல் இரண்டு ப்ரீஆம்ப்களையும் இரண்டு வால்யூம் குமிழ்களையும் தாண்டிப் போக வேண்டும். இரண்டாவதன் கரகரப்பை மறைக்க முதலாவதற்குக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. ஹோம் தியேட்டர் ரிசீவர்களில் ப்ரீ அவுட் இருந்தாலும் மெயின் இன் பெரும்பாலும் இருக்காது. நிறையப் பேருக்கு விஷயம் இங்கேயே முடிந்துவிடும்.

கெயின், அதாவது சிக்னலைப் பெருக்குவது, தேவையா? சிடி பிளேயரோ டேக்கோ தருவது சுமார் 2 வோல்ட். பல பவர் ஆம்புகள் 1 வோல்ட் வந்தாலே முழு பலத்தோடு பாடும். இருப்பதே அதிகம். இதன் நடுவே பத்து மடங்கு பெருக்கும் வால்வு ஸ்டேஜை வைத்தால், 0.1 வோல்ட்டிலேயே வீடு அதிரும். வரும் 2 வோல்ட்டை வால்யூம் குமிழ் இருபதில் ஒரு பங்காக வெட்ட வேண்டியிருக்கும். குமிழைக் கடுகளவு திருப்பினாலே போதும் என்ற நிலை. அந்தத் தொடக்கப் பகுதியில்தான் இடது வலது சமநிலையும் மோசமாக இருக்கும். கூடவே வால்வின் இரைச்சலும் அதே அளவுக்குப் பெருகிப் போகும்.

இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்குக் காட்டும் எதிர்ப்பு, ஒத்துப்போகிறதா? அடுத்து வரும் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ், ப்ரீஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸைப் போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 47 கிலோ ஓம் உள்ள பழைய பவர் ஆம்ப் என்றால் கவலையில்லை. இப்போதைய கிளாஸ் டி ஆம்புகளிலும், ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர்களிலும் 10 கிலோ ஓம் சகஜம். வால்வு ப்ரீஆம்பின் அவுட்புட் வாயிலில், டிசியைத் தடுத்துச் சிக்னலை மட்டும் விடும் ஒரு கப்ளிங் கெபாசிட்டர் உட்கார்ந்திருக்கும். அது 0.22 மைக்ரோஃபாரட் ஆக இருந்து, எதிரே 10 கிலோ ஓம் இருந்தால், 72 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் இறங்கிவிடும். 1 மைக்ரோஃபாரட் என்றால் 16 ஹெர்ட்ஸ் வரை தாங்கும். "வால்வு போட்டதும் மிருதங்கத் தொப்பி சோடையாயிருச்சு" என்று (தொப்பிதான் மிருதங்கத்தின் தாழ்சுரப் பக்கம்) ஒருவர் குறைப்பட்டபோது நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

வீட்டுக் கரண்ட் எப்படி? எர்த் உண்டா, இன்வெர்ட்டர் என்ன ரகம், மின்தடை வந்தால் என்ன ஆகும். இதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் சூடுபட்டிருக்கிறேன்.

அறை? இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

## ஒன்று: முழு வால்வு ப்ரீஆம்ப்

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரையோடு என்ற எளிய வகை வால்வு சிக்னலில் கொஞ்சம் திரிபு சேர்க்கும். சேர்ப்பதில் பெரும்பகுதி இரண்டாம் ஹார்மோனிக், அதாவது அடிப்படைச் சுரத்தின் இரு மடங்கு அதிர்வு. ஸட்ஜத்தைக் கொடுத்தால் மேல் ஸட்ஜத்தை ஒரு துளி கலந்து தரும். மூன்றாம் ஹார்மோனிக்கும் கெட்டதல்ல, அது மேல் ஸ்தாயிப் பஞ்சமம். தம்புரா மீட்டும்போது கேட்பவைதான் இவை. அதனால்தான் வால்வின் குறை நம் காதுக்குக் குறையாகப் படுவதில்லை. வீணையும் வாய்ப்பாட்டும் கொஞ்சம் சதைப்பிடித்தது போல இருக்கும்.

ஆனால் இதற்கும் ஓர் அளவு உண்டு. வால்வு ஒலி என்று ஊரில் பேசுவதில் பாதிக்கு மேல் பவர் ஆம்பின் சமாச்சாரம்: அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், அது ஸ்பீக்கரோடு மல்லுக்கட்டும் விதம். ஒழுங்காகக் கட்டிய ப்ரீஆம்பில் ஒரு வோல்ட் அளவில் வரும் திரிபு மிகக் குறைவு. பழைய வால்வு ரேடியோவின் தேன் குரலை எதிர்பார்த்து ப்ரீஆம்ப் வாங்குபவர் ஏமாறத்தான் செய்வார். அந்தத் தேனில் மரப்பெட்டிக்கும் ஒற்றை ஸ்பீக்கருக்கும் பெரிய பங்கு உண்டு.

இனி மறைந்திருக்கும் செலவு. வால்வு மாற்றுவதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது சின்ன விஷயம். 12ஏயூ7, 12ஏஎக்ஸ்7 போன்ற சிறு வால்வுகள் 5,000 மணி நேரத்துக்குக் குறையாமல் உழைக்கும். 10,000 தொட்டவையும் உண்டு. தினம் மூன்று மணி நேரம் கேட்டால் வருடத்துக்கு ஆயிரம் மணிச் சொச்சம். புது வால்வு ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் இன்றும் செய்கிறார்கள். கரண்ட் செலவும் பெரிதில்லை: ஒரு 12ஏஎக்ஸ்7இன் ஹீட்டர் 12.6 வோல்ட்டில் 0.15 ஆம்பியர், இரண்டு வாட்டுக்கும் கீழே. முழுப் பெட்டிக்கும் சேர்த்து ஒரு குண்டு பல்பு அளவுதான் வரும்.

உண்மையான செலவு வீட்டில் இருக்கிறது. நம் பழைய வீடுகளின் வயரிங்கில் பல பிளக் பாயிண்டுகளுக்கு எர்த் கிடையாது. மூன்று துளை இருக்கும், மேல் துளைக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. வால்வு ப்ரீஆம்புக்குள் 250 வோல்ட் டிசி ஓடுகிறது. எர்த் இல்லாமல் அதை வைப்பது ஆபத்து. அதோடு 'ம்ம்ம்' என்ற இரைச்சலும் போகாது. சிலர் எர்த் பின்னையே வெட்டிவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். கரியும் உப்பும் போட்டுப் புதுக்குழி எடுத்து, அங்கிருந்து தனிக் கம்பி இழுத்து வரும் செலவை ப்ரீஆம்ப் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். மூன்றாம் கட்டுத் தோட்டத்திலிருந்து முகப்புக்குக் கம்பி இழுக்க எத்தனை மீட்டர் ஆகும் என்று நம் வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது மின்தடை. என் ப்ரீஆம்ப் வந்த முதல் வருடம். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட்டை நிறுத்தும் நாள் என்பதை மறந்துவிட்டு, செட்டை ஓடவிட்டபடியே குளிக்கப் போய்விட்டேன். கரண்ட் நின்றது, சாயங்காலம் திரும்ப வந்தது. டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப் இரண்டு விநாடியில் விழித்துக்கொண்டது. வால்வு சூடேற அரை நிமிடம் ஆகும். அது சூடாகிக் கரண்ட் இழுக்கத் தொடங்கியபோது அவுட்புட்டில் ஒரு பெரிய தள்ளாட்டம், ஸ்பீக்கரில் 'டொம்' என்று ஒரு வெடி. பக்கத்து வீட்டில் வேட்டு என்று நினைத்தார்களாம். ஒரு வூஃபரின் (தாழ்சுர ஸ்பீக்கர்) கம்பிச் சுருளில் அன்றைக்குப் பிடித்த உராய்வு கடைசி வரை போகவில்லை. அவுட்புட்டைச் சிறிது நேரம் அடைத்து வைக்கும் ரிலே அந்தப் பெட்டியில் இல்லை, விற்றவரும் சொல்லவில்லை. ஆகவே வாங்கும்போது 'மியூட் ரிலே இருக்கிறதா' என்று வாய்விட்டுக் கேளுங்கள். போடும்போது ப்ரீஆம்ப் முதலில், பவர் ஆம்ப் கடைசியில். நிறுத்தும்போது பவர் ஆம்ப் முதலில். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் முனகும். சைன் வேவ் இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் கரண்ட் போனால் பாட்டும் போனதாக வைத்துக்கொள்வது நல்லது.

வால்வு மைக் போலவும் நடந்துகொள்ளும். பெட்டியை விரலால் தட்டினால் ஸ்பீக்கரில் 'டிங்' என்று கேட்கும். ஊஞ்சல் பலகை ஆடும் ஹாலில், அந்தச் சங்கிலியின் கிறீச்சோடு, மர அலமாரிமேல் வைத்துப் பாருங்கள், தெரியும். இன்னொன்று பல்லி. மார்கழியில் வெதுவெதுப்பான பெட்டி என்றால் பல்லிக்கு அரண்மனை. காற்றுத் துளைகளுக்குள் சன்னக் கம்பி வலை ஒட்டி வையுங்கள். சிரிக்காதீர்கள், ஒரு தடவை திறந்து பார்த்தவன் சொல்கிறேன். திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது, கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் கை வைக்கவே வேண்டாம்.

ரிப்பேர் என்றால்? காரைக்குடியில் டிவி, மிக்ஸி எல்லாம் பார்க்க ஆள் உண்டு. வால்வு தெரிந்த கைகள் வயதாகி ஓய்ந்துவிட்டன. பல்லவன் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போய், எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி தெருப் பக்கம் யாரையாவது பிடித்துக் கொடுத்து, திரும்ப ஒரு நாள் போய் வாங்கி வர வேண்டும். வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்திருந்தால் சுங்கமும் கூரியரும் சேர்ந்து, திருப்பி அனுப்புவது என்ற பேச்சே எழாது.

இத்தனையும் சொல்லிவிட்டு, யாருக்கு இது சரி? பவர் ஆம்ப் தனியாக வைத்திருப்பவர், அல்லது மெயின் இன் உள்ளவர்; எதிரே 47 கிலோ ஓம் போலத் தாராளமான இன்புட் இருப்பவர்; எர்த் சரியாக உள்ள வீடு; அறை வேலையை ஏற்கெனவே முடித்தவர். அவர் தாராளமாக வாங்கட்டும். 12ஏயூ7 அல்லது 6எஸ்என்7 வைத்து, கெயின் குறைவாகக் கட்டிய பெட்டியாகப் பார்த்து வாங்கினால் நல்லது.

## இரண்டு: வால்வு பஃபர்

சில ஆயிரங்களில் கிடைக்கும் குட்டிப் பெட்டி. டேக்குக்கும் ஆம்புக்கும் நடுவே செருக வேண்டும். கெயின் ஒன்றும் தராது, அல்லது மிகக் கொஞ்சம். பல மாடல்களில் 6ஜே1 என்ற சிறு வால்வு இருக்கும். 12 வோல்ட் அடாப்டரில் ஓடும். நூறு வோல்ட்டுக்கு மேல் ஓட வேண்டிய வால்வுக்கு இருபது முப்பது வோல்ட் கொடுத்துப் பட்டினி போட்டுத்தான் வேலை வாங்குகிறார்கள். சிலவற்றில் வால்வின் அடியில் ஆரஞ்சு எல்இடி வேறு. தணல் மாதிரித் தெரிவது அந்த விளக்குதான்.

ஆபத்து குறைவு, இழப்பும் குறைவு. வால்யூம் குமிழ் மட்டும் உள்ள பாசிவ் கன்ட்ரோலிலிருந்து நீளமான கேபிள் இழுக்க வேண்டியவர்களுக்கு பஃபர் நிஜமாகவே உதவும். மற்றவர்களுக்கு, என் கருத்தில், அது கொலு பொம்மை. ஆசை தீர வேண்டும் என்றால் வாங்குங்கள், அறுபதாயிரத்துக்கு ஆசைப்படுவதைவிட மேல். வாங்கினால் ஒன்று செய்யுங்கள்: மல்டிமீட்டரை ஸ்பீக்கர் முனைகளில் வைத்து, ஒரே டோனை பஃபர் வழியாகவும் பஃபர் இல்லாமலும் ஓட்டி, ஏசி வோல்ட்டேஜ் இரண்டு தடவையும் ஒன்றாக வரும்படி சத்தத்தைச் சரிசெய்துகொண்டு பிறகு பாட்டைக் கேளுங்கள். சத்தம் இம்மி கூடினாலும் காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். இந்தச் சோதனைக்குப் பிறகும் பிடித்திருந்தால் அது உங்கள் காதின் தீர்ப்பு, நான் குறுக்கே வர மாட்டேன்.

## மூன்று: முள்ளும் ஃபோனோ ஸ்டேஜும்

தட்டு கேட்பவர்களுக்கு மட்டும் இது. ஆனால் இந்தப் பக்கத்தில் தட்டு இல்லாத பழைய வீடு குறைவு. காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன் படம் எடுக்கப் போவதற்கு முன் இசைத்தட்டு வியாபாரம் செய்தவர். அப்படித் தட்டு விற்ற ஊர் இது. எத்தனை பெட்டகங்களில் இன்னும் தூங்குகின்றனவோ.

எம்எம் கார்ட்ரிட்ஜ் (முள்ளைத் தாங்கி, அதன் அசைவைச் சிக்னலாக்கும் காந்த வகைச் சிறு பாகம்) தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். அதை நூறு மடங்கு, 40 டெசிபல், பெருக்க வேண்டும். கூடவே 1954இல் நிலைத்த ஆர்ஐஏஏ வளைவின்படி (தட்டுப் பதிவுக்கான பொது விதி) தாழ்சுரங்களைத் தூக்கி, உச்சத்தைத் தணிக்க வேண்டும். இதைச் செய்வதுதான் ஃபோனோ ஸ்டேஜ். அந்த வளைவில் 50 ஹெர்ட்ஸுக்குக் கிடைக்கும் தூக்கல் கிட்டத்தட்ட 17 டெசிபல். நம் கரண்ட்டின் அதிர்வும் 50 ஹெர்ட்ஸ்தான். எர்த் சரியில்லாத வீட்டில் வால்வு ஃபோனோ ஸ்டேஜ் வைத்தால் பாட்டைவிடக் கரண்ட்டைத்தான் கேட்க வேண்டிவரும். வால்வு வேலையிலேயே கடினமானது இதுதான். மலிவாகச் செய்தால் கண்டிப்பாக இரையும். அதே காசில் பாதிக்கு அமைதியான ஐசி (வால்வுக்குப் பதில் சிப் வைத்த) ஃபோனோ ஸ்டேஜ் வந்துவிடும்.

அதற்கும் முன்னால் முள். 500 முதல் 1,000 மணி நேரத்தில் முள் தேய்ந்துவிடும். அயித்தானிடம் "எப்ப மாத்தினீங்க?" என்று கேட்டேன். "அது மாத்தணுமா?" என்றார். தேய்ந்த முள் தட்டையும் சேர்த்து அரைக்கும். வேறு எந்த மாற்றமும் செய்யாமல் புது எலிப்டிக்கல் (நீள்வட்ட முனை) முள் ஒன்று போட்டால் வரும் வித்தியாசம், எந்த வால்வும் தராத வித்தியாசம்.

78 சுற்றுத் தட்டுக்கு வேறு முள் வேண்டும். எல்பி முள்ளின் முனை ஆரம் 18 மைக்ரான் சுமார். 78இன் பள்ளத்துக்கு 75 மைக்ரான் வரை வேண்டும். எல்பி முள்ளை அதில் இறக்கினால் பள்ளத்தின் அடியில் உரசிக்கொண்டு கரகரவென்று சத்தம்தான் வரும். இன்றைய டர்ன்டேபிள்கள் பலவற்றில் 78 வேகமே கிடையாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தட்டுகளை ஸ்பிரிட்டில் துடைக்காதீர்கள். அவை அரக்கால் ஆனவை, ஆல்கஹாலில் கரையும். ஐயா காலத்துத் தட்டு ஒன்றை நான் அப்படித்தான் தொலைத்தேன்.

நடுவில் ஒன்று. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வால்வு ரேடியோக்கள் கிடைக்கும். அதிலிருந்து வால்வைப் பிடுங்கி ப்ரீஆம்பில் போடலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். ரேடியோவில் இருப்பவை பெரும்பாலும் வேறு இனம். சொருகும் பின் அமைப்பே பொருந்தாது. அபூர்வமாகப் பழைய இருப்பில், பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த ஈசிசி83 வகை கண்ணில் படலாம். அதுதான் 12ஏஎக்ஸ்7. சோதித்துக் காட்டினால் மட்டும் வாங்குங்கள். ரேடியோவை அப்படியே கரண்ட்டில் செருகிப் பார்க்கும் வேலை வேண்டாம், அரை நூற்றாண்டு பழைய கெபாசிட்டர்கள் புகைந்துவிடும்.

## நான்கு: அறை

நம் வீடுகள் பார்க்கக் கட்டியவை, கேட்கக் கட்டியவை அல்ல. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடி போலத் தேய்த்த சுவர், கண்ணாடி மேலேயே வார்த்தெடுத்த ஆத்தங்குடிக் கல், பெல்ஜியம் நிலைக்கண்ணாடி. இவற்றில் பட்ட ஒலி அதிகம் குறையாமல் திரும்பி வரும்.

அயித்தான் வீட்டு ஹால் 20 அடி நீளம், 12 அடி அகலம், 14 அடி உயரம். கன அளவு சுமார் 95 கன மீட்டர், உள்பரப்பு 128 சதுர மீட்டர் போல. இந்தப் பரப்புகள் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கு உறிஞ்சும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். கதவை மூடினால் எதிரொலி அடங்க 4 விநாடி. இரண்டு பெரிய கதவுகளையும் திறந்து வைத்தால் 2 விநாடி. பாட்டு கேட்கும் அறைக்கு அரை விநாடி சுமாராக இருந்தால் நல்லது. 2 விநாடியில் பாடகர் ஒரு சங்கதி முடிப்பதற்குள் முந்தின சங்கதி இன்னும் சுவரில் அலைந்துகொண்டிருக்கும். அதன்மேல் வால்வு வைத்து 'இதம்' சேர்ப்பது, குழைந்த சோற்றில் இன்னும் ஒரு டம்ளர் தண்ணீர் விடுவது போல.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் வாலஸ் சாபின். 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில், எதிரொலியால் பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் வேலை அவரிடம் வந்தது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கி வந்து, அடுக்க அடுக்க எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். மெத்தை! நம் வீடுகளில் கல்யாணச் சீரில் வந்த இலவம்பஞ்சு மெத்தைகள் எத்தனை அறைகளில் சுருட்டிக் கிடக்கின்றன? ஆறுக்கு நாலு அடி மெத்தை நான்கை ஸ்பீக்கருக்குப் பின்சுவரிலும் பக்கவாட்டிலும் நிறுத்தினால், மேலே சொன்ன 2 விநாடி ஏறக்குறைய 1 விநாடியாகும். செலவு பூஜ்யம். ஜமுக்காளம் விரித்தால் கீச்சுச் சத்தம் மட்டும் குறையும், நடு ஒலிக்கு மெத்தையின் பருமன் வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு, நம் ஊருக்கே உரியது. ஸ்பீக்கரை ஹாலிலிருந்து எடுத்து வளவுத் தாழ்வாரத்தில் (நடு முற்றத்தைச் சுற்றியது) வையுங்கள். முற்றத்தின் மேல் திறந்த வானம் இருக்கிறதே, அதற்குள் போன ஒலி திரும்பி வராது. பேஸ் கொஞ்சம் மெலியும்; ஆனால் வார்த்தை ஒவ்வொன்றும் தனித்தனியாக விழும். மழைக்கு எடுத்து வைக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கும் ஒரு மறைவுச் செலவு உண்டு: வீட்டில் உள்ளவர்களின் சம்மதம். நிலைக்கண்ணாடியை மெத்தை மறைத்தால் யாருக்குக் கோபம் வரும் என்பதைப் பார்த்து இடம் தேர்ந்தெடுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | யாருக்கு ஏற்றது | சொல்லாமல் வரும் செலவு | ரிப்பேர் |
|---|---|---|---|
| முழு வால்வு ப்ரீஆம்ப் | மெயின் இன் அல்லது தனி பவர் ஆம்ப், நல்ல எர்த், அடங்கிய அறை உள்ளவர் | எர்த் குழி, மியூட் ரிலே, சைன் வேவ் இன்வெர்ட்டர் | சென்னைப் பயணம் |
| வால்வு பஃபர் | பாசிவ் கன்ட்ரோல், நீளக் கேபிள். அல்லது ஆசை | அடாப்டர் இரைச்சல் | தூக்கிப்போட்டு வேறு வாங்கலாம் |
| முள், ஃபோனோ ஸ்டேஜ் | தட்டு கேட்பவர் எல்லோரும் | 78க்குத் தனி முள், அந்த வேகம் உள்ள டர்ன்டேபிள் | முள் மாற்றுவது மட்டும் |
| அறை | எல்லோரும் | வீட்டுச் சம்மதம் | கிடையாது |

## அயித்தான் கடைசியில் என்ன செய்தார்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூர் போனேன். ஆம்பைத் திருப்பிப் பார்த்தால் மெயின் இன் இல்லை. முதல் கேள்வியிலேயே வால்வு ப்ரீஆம்ப் விழுந்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை. "ஆக்ஸ்ல செருகிக்கிறேனே" என்றார். ஹாலின் நடுவில் நிற்க வைத்து ஒரு தடவை கை தட்டச் சொன்னேன். தட்டினார். கூரை வரை போய், சுற்றிச் சுற்றி வந்து, சாவகாசமாக அடங்கியது. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

இரண்டாம் கட்டு அறையிலிருந்து நாலு மெத்தைகளை இறக்கினோம். ஆச்சி கல்யாணத்தில் வந்தவை, ஒரு நாளும் யாரும் படுத்ததில்லை. நிறுத்திவிட்டு அதே கர்நாடக சங்கீத எல்பியைப் போட்டோம். வயலின் முதல் தடவையாகப் பாடகருக்குப் பின்னால் போய் நின்றது. அதுவரை அது சுவரெல்லாம் பரவியிருந்தது.

மறு வாரம் புது முள், 78க்குத் தனியாக ஒரு கார்ட்ரிட்ஜ், சின்ன ஐசி ஃபோனோ ஸ்டேஜ் ஒன்று, எர்த் குழி. எல்லாம் சேர்ந்தும் ஒதுக்கி வைத்த பணத்தில் பாதிக்கு மேல் மிச்சம். அந்த மிச்சம் மாடி ஒழுகலுக்கு என்று ஆச்சி அப்போதே சொல்லிவிட்டார். மெத்தைகளைப் பற்றியும் தீர்ப்பு சொன்னார்: "மேலே ஒழுகுற வரைக்கும் கீழேயே இருக்கட்டும். அடைச்சதும் மாடி ரூமுக்குப் போயிரணும்."

அன்றிலிருந்து அயித்தான் கொத்தனாரைக் கூப்பிடுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார்.